பெருவிரலடியில் ஒரு கூம்பு

சுன்னாகச் சந்தையடியில் கச்சான் விற்கும் அம்மா ஒருவர் சரை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதி முடித்த கொப்பியிலிருந்து கழற்றிய தாள். அதன் நீளப்பக்கத்தின் நடுவில் இடக்கைப் பெருவிரலை ஊன்றினார். வலக்கையால் ஒரு மூலையைப் பிடித்து ஒன்றரைச் சுற்றுச் சுற்றினார். மேலே மிஞ்சிய நுனியை உள்ளே மடித்துத் தள்ளினார். சரை தயார். நானும் ஒன்று சுற்றினேன். அடியால் கச்சான் கொட்டுண்டது.

"பெருவிரல் அசையக்கூடாது தம்பி. அசைஞ்சால் அடியிலை ஓட்டைதான்" என்றார்.

அசையாத அந்தப் புள்ளிதான் கூம்பின் உச்சி. அந்த அம்மாவுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. விரலுக்கு விஷயம் தெரியும்.

நான் போனது அங்கிருந்து சில நிமிட நடையில் நடக்கும் ஒரு மாலை வகுப்புக்கு. தரம் 9 பிள்ளைகளுக்குத் தாள் மடித்தே கேத்திரகணிதம் சொல்லிக்கொடுக்கிறார் ஓர் ஆசிரியை. மேசையில் சந்தையிலிருந்து வாங்கிவந்த வெறுஞ்சரைகள். பிள்ளைகள் அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு ஓர் அரைவட்டம் வெட்டி, விளிம்புகள் மேலேறாமல் ஒரே சுற்றில் பொருத்தினார்கள். கூம்பின் வாயை அளந்தால் அதன் விட்டமும் சாயுயரமும் சமன். அரைவட்டத்தின் வில் இப்போது முழுவட்டமாகிவிட்டது. ஆகவே ஆரை பாதியாகிறது, விட்டம் பழைய ஆரைக்குச் சமனாகிறது. பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் சமபக்க முக்கோணி.

"அதே முக்கோணியை இப்ப கவராயம் இல்லாமல் மடிப்பம்" என்றார் ஆசிரியை.

சதுரத் தாள் ஒன்றை இடமும் வலமும் பொருந்த நடுவில் மடித்து விரித்தார்கள். கீழ் இடமூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் வைக்கவேண்டும். மடிப்பு கீழ் வலமூலையூடாகப் போகவேண்டும். மூலை தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. அதைக் கீழ் மூலைகள் இரண்டோடும் இணைத்தால் முக்கோணி வந்துவிடும். பின்வாங்கில் இருந்த சிறுமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழும்பினாள்.

"ரீச்சர், தூக்கி வைச்சதும் சதுரத்தின்ரை பக்கம்தானே? அப்ப நீளம் மாறாது. புள்ளி நடுக்கோட்டிலை இருக்கிறதாலை ரெண்டு மூலையும் ஒரே தூரம்."

நிறுவல் முடிந்தது. கரும்பலகையில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

இந்த வழி நேற்று வந்ததல்ல. சுன்னாகத்தில் ஸ்கந்தவரோதயாக் கல்லூரி தோன்றுவதற்கு ஓராண்டு முன், 1893இல், டி. சுந்தர ராவ் தாள் மடிப்புக் கேத்திரகணிதம் பற்றிய தம் ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். சிறுவர் பள்ளிகளின் தாள் மடிப்பு விளையாட்டிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட, 1901இல் சிகாகோவிலும் அது பதிப்பானது. கனசதுரத்தை இரட்டிக்கும் பழைய கணக்கு அடிமட்டத்துக்கும் கவராயத்துக்கும் அடங்காதது. மடிப்புக்கு அது அடங்கும் என்று 1936இல் இத்தாலியின் மார்கெரிட்டா பெலோக் காட்டினார். தாள் மடிப்பைச் சின்னப்பிள்ளை வேலை என்று ஒதுக்குவோர் இதை அறியவேண்டும்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை கிழிந்த தாள்களையும் பொறுக்கி அடுக்கினார். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் படித்தவர் அவர். பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலம் அது. "ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். ஒரு தாளின்ரை ரெண்டு பக்கமும் நிரம்பினாப் பிறகுதான் அதை மடிப்பம். எறியிறதெண்டு ஒண்டு இல்லை" என்றார்.

வில்லும் ஆரையும் பரீட்சைக்குப் பிறகு பலருக்கு மறந்துபோகும். தன் கையால் மடித்துக் கண்டது அப்படி மறக்காது. சந்தையில் அந்த அம்மாவின் பெருவிரல் இதைத்தான் எனக்குச் சொன்னது. உங்கள் வீட்டிலும் எழுதி முடித்த கொப்பி ஒன்று இருக்கும். பிள்ளைக்குக் கவராயப் பெட்டி வாங்கிக்கொடுக்க முன், அதிலிருந்து ஒரு தாளைக் கழற்றிக் கையில் கொடுங்கள்.