பழைய மெஷினும் பேசும்!

நெட்வொர்க் என்றதும் நம் கம்ப்யூட்டர் லேப்தானே நினைவுக்கு வருகிறது? அங்கே ஸ்விட்சுக்குக் கூட ஏ.சி. வாழ்வு. பட்டறைக்குள் வைக்கும் ஸ்விட்சுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? ஆயில் புகை, இரும்புத் தூசி, வெக்கை! அதற்கென்றே மின்விசிறி இல்லாமல், மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும் ரகங்களைச் செய்கிறார்கள். இரண்டு 24 வோல்ட் சப்ளை கொடுக்கலாம். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

ஆனால் என்னைக் கவர்ந்தது வேறு.

என் அப்பா வேலை செய்யும் பட்டறையில் ஒரு பழைய சி.என்.சி. லேத். ஆர்.எஸ்.232 போர்ட்தான் அதற்கு வாய். இப்போதைய லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே கிடையாதே! "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரலாம்னு மொதலாளி சொல்றாரு கண்ணு" என்றார் அப்பா. லேத் போனால் அப்பாவின் வேலை? வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என்னைத்தானே கேட்பார்கள்!

தைவானில் 1987-ல் தொடங்கிய மோக்ஸா கம்பெனி, 'என்போர்ட்' என்று ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. ஒரு பக்கம் பழைய சீரியல் கேபிள், மறுபக்கம் ஈதர்நெட். கம்ப்யூட்டரில் அவர்கள் தரும் டிரைவரைப் போட்டால், பழைய சாஃப்ட்வேர் அதை வழக்கமான காம் போர்ட் என்றே நம்பிவிடும். (நல்ல ஏமாற்று வேலை!) 1979-ல் வந்த மோட்பஸ் மொழி பேசும் கருவிகளுக்கும் இதுபோலத் தனிப் பெட்டி உண்டு. புதுசு வாங்கு என்று சொல்லாமல், இருப்பதை ஓட்ட வழி செய்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

அப்பாவுக்குப் படம் போட்டுக் காட்டினேன். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. "அந்தப் பொட்டி பேரைத் தமிழ்ல எழுதிக் குடு கண்ணு" என்று வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.