வாசிக்கத் தெரியாத மூன்றாவது ஆள்

ஒன்பது வயதில் என்னை வயலின் வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். திட்டியெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான். "பையன் நல்ல பையன்தாம்மா, ஆனா சுருதி நிக்க மாட்டேங்குது, வேற ஏதாவது டியூஷன்ல சேத்து விடுங்க" என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். அம்மா கணக்கு டியூஷனில் சேர்த்தார். அது என்னை இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. (அந்தச் சோகத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இசை என்றால் நமக்குக் கேட்கிற வேலை மட்டும்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

போன செமஸ்டரில் ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'திஸ் ஹீட்' என்ற ஃபோல்டரைச் சுட்டேன். முதலில் ஓட விட்டது '24 ட்ராக் லூப்'. தொண்ணூறுகளின் டிரம் அண்ட் பேஸ் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் 1979-ல் வந்த ஆல்பம்! கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு டேப் துண்டை வளையமாக ஒட்டிச் சுற்ற விட்டு, மிக்சிங் டெஸ்க்கில் ஏற்றி இறக்கி, ஹார்மனைசர் என்ற பெட்டிக்குள் விட்டு வளைத்து எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு இரவு தூங்கவில்லை. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இவர்களைப் போஸ்ட்-பங்க் என்று வகைப்படுத்துவது வழக்கம். 'போஸ்ட்' என்றால் பிறகு. ஆனால் இவர்கள் லண்டனில் சேர்ந்தது 1976-ன் தொடக்கத்தில். செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் வந்ததே அந்த வருஷம் நவம்பரில்தான். அதாவது பங்க் வெடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட போஸ்ட்-பங்க். பெயர் வைக்கிறவர்கள் பாடு!

மூன்றே பேர். சார்ல்ஸ் ஹேவர்ட் டிரம்ஸ், சார்ல்ஸ் புல்லன் கிட்டார். இரண்டு பேரும் கை தேர்ந்தவர்கள். ஹேவர்ட் அதற்கு முன்பே 'கொயட் சன்' என்ற குழுவில் சிக்கலான தாளமெல்லாம் அடித்தவர். மூன்றாவது ஆள் கேரத் வில்லியம்ஸ். அவர் ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவர். கேட்காத இசை இல்லை, வாசிக்கத் தெரிந்த கருவியும் இல்லை.

அவரைக் கச்சேரிக்கு மேளம் தூக்க வந்தவர் மாதிரி ஓரமாக நிறுத்திவைக்கவில்லை. கீபோர்டு, பேஸ், டேப், குரல் என்று எல்லாவற்றிலும் கை வைக்க விட்டார்கள். தெரிந்தவன் கை பழகின இடத்துக்குத்தான் போகும். தெரியாதவன் கை எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. மற்ற இருவரின் பழக்கத்தையும் அது கெடுத்தது. நல்லதாகப் போயிற்று என்பேன்.

பிரிக்ஸ்டனில் ஒரு பழைய தொழிற்சாலையின் குளிர்பதன அறையைப் பிடித்து, 'கோல்ட் ஸ்டோரேஜ்' என்றே பெயர் வைத்து ஸ்டுடியோ ஆக்கினார்கள். வாசிப்பதையெல்லாம் டேப்பில் பிடித்து, வெட்டி ஒட்டி, அந்த டேப்பையே மேடையில் இன்னொரு வாத்தியமாக ஓட விடுவார்கள். முதல் ஆல்பத்தில் நல்ல ஸ்டுடியோவில் பதிந்ததும் சாதா கேசட்டில் பதிந்ததும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டாவது ஆல்பம் 'டிசீட்', 1981. எனக்குப் பிடித்தது இதுதான். ரேகனும் தாட்சரும் ஆட்சிக்கு வந்திருந்த நேரம். அணுகுண்டு விழுந்தால் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மண் மூட்டை அடுக்கி அதற்குள் ஒளிந்துகொள்ளுங்கள் என்று பிரிட்டிஷ் அரசாங்கமே 1980-ல் கையேடு போட்டு விற்றது. நம்புங்கள். அந்தப் பயம் முழுக்க இந்த ஆல்பத்தில் இருக்கிறது. 'ஸ்லீப்' தாலாட்டு மாதிரி மெதுவாகத் தொடங்கும், வரிகள் விளம்பர வாசகங்கள். 'இண்டிபெண்டன்ஸ்' பாட்டுக்கு 1776-ன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம்தான் வரிகள். ஒரு வார்த்தை திட்டாமலே ஒரு நாட்டைக் குத்திக்காட்ட முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அதோடு கேரத் குழுவை விட்டுக் கிளம்பிவிட்டார். எங்கே தெரியுமா? கேரளாவுக்கு. கதகளி கற்றுக்கொள்ள!

இதைப் படித்ததும் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலக்காட்டு ரூம்மேட்டை எழுப்பிக் கேட்டேன். "டேய், கதகளியெல்லாம் சும்மா ஆடிட முடியாது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கண்ணை மட்டும் சுத்திட்டே இருக்கணும். எண்ணெய் தேய்ச்சுப் படுக்க வெச்சு மேல ஏறி மிதிப்பாங்க. வருஷக் கணக்காகும். இப்ப தூங்க விடு" என்றான். ஒன்றும் தெரியாமலே வாசித்துக் கொண்டாடப்பட்ட மனுஷன், முதல் படியிலிருந்து கற்றே ஆக வேண்டிய கலையைத் தேடிப் போயிருக்கிறார். எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப மனசில் ஓடுகிறது. தெரியாததை அவர் பெருமையாக வைத்துக்கொள்ளவில்லை போல.

வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். 1982-ல் குழு கலைந்தது. கேரத் பிறகு மேரி கரி என்பவரோடு 'ஃப்ளேமிங் ட்யூன்ஸ்' என்று ஒரு கேசட் போட்டார் (1985). இந்தியாவைப் பற்றிய 'ரஃப் கைடு' பயண நூலை எழுதியவர்களில் ஒருவரும் அவர்தான். 2001-ல் புற்றுநோயில் இறந்துபோனார். 2016-ல் மற்ற இருவரும் மறுபடி மேடை ஏறியபோது பழைய பெயரை வைத்துக்கொள்ளவில்லை. 'திஸ் ஈஸ் நாட் திஸ் ஹீட்', அதாவது 'இது திஸ் ஹீட் அல்ல' என்று பெயர். கூட வாசிக்க ஒரு கூட்டமே இருந்தது. 2019 வரை வாசித்தார்கள்.

போன மாதம் காலேஜுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வயலின் வகுப்புக்குப் போய் நின்றேன். "யாருக்குத் தம்பி, தங்கச்சிக்கா?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். சனிக்கிழமை காலை ஆறரை மணி பேட்ச். என்னைத் தவிர எல்லோரும் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு. சரளி வரிசை, இரண்டாம் காலம். சுருதி இன்னும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்காரும் பாப்பா நான் தப்பாக வாசிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறது.