அப்பா பார்க்கக் கூடாது என்ற வெளிச்சம்

வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது. ரொறன்ரோவில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயசிலேயே பாடம். அப்பா 22 வருடம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் செய்தவர். சில இரவுகளில் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி எரியுது என்று ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். காரணம் புற ஊதாக் கதிர். பட்ட உடனே தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் நோகும்.

இப்ப என் வேலையே அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதுதான். கண்ணால் இல்லை, சென்சரால்.

"வேலையில என்ன செய்யிறீங்கள்?" என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலர் "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துவிடுகிறோம். நான் மகளுக்குச் சொன்னது இதுதான்.

மின்சாரக் காரின் பற்றரி ஒரே கட்டி இல்லை. 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் 6,831 சின்னச் செல்கள் இருந்தன. இப்போது பல பற்றரிகளில் செல்களை லேசர் வெல்டிங்கால் இணைக்கிறார்கள். அத்தனை இணைப்பில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தாலும் ஏழு பழுது. பழுதான இணைப்பு சூடேறும். எல்லாவற்றையும் வெட்டிப் பார்க்கவும் முடியாது, வெட்டினால் பொருள் போச்சு. அதனால் வெல்டிங் நடக்கும்போதே பார்க்க வேண்டும்.

லேசர் படும் இடத்திலிருந்து மூன்று விதமான வெளிச்சம் வரும். உருகிய உலோகத்திலிருந்து எழும் ஆவி ஒளிரும். உலோகம் உள்வாங்காத லேசர் திரும்பி வரும். குளிர்ந்த செம்பு அகச்சிவப்பு லேசரில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மூன்றாவது, சூட்டினால் வரும் அகச்சிவப்பு ஒளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோட்டோடயோட். செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, கணினியில் கோடாகக் காட்டும். நல்ல வெல்டிங்கின் கோடு ஒரு எல்லைக்குள் நிற்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால், கோடு அந்த இடத்தில் விலகும்.

ஆனால் ஏன் விலகியது என்று சென்சர் சொல்லாது. மாதிரித் துண்டுகளை வெட்டி, மினுக்கி, அமிலம் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, "இது நல்லது, இது பழுது" என்று ஒரு மனிதர் முதலில் சொல்ல வேண்டும். நான் எழுதும் மென்பொருள் அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது.

இதையெல்லாம் அப்பாவுக்கு ஒரு தாளில் கீறிக் காட்டினேன். "அப்ப எங்கட ஆக்களுக்கு வேலை இல்லையெண்டு சொல்லு" என்றார். தட்டிக்கழிக்கக் கூடிய பேச்சில்லை அது. கார்த் தொழிற்சாலைகளில் ரோபோக்கள் வெல்டிங் செய்யத் தொடங்கிக் கனகாலம். லேசர் வேலை மூடிய கூண்டுக்குள் நடக்கிறது. அங்கே மனிதர் கை வைக்கவே இடமில்லை. பழுதை அறிந்த அனுபவத்துக்குத்தான் இன்னும் இடமிருக்கிறது.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "தகட்டில எண்ணெய் பட்டிருந்தா இது என்ன காட்டும், தம்பி?"

எண்ணெய் ஆவியாகும்போது உருகிய உலோகத்துக்குள் குமிழ் விடும், பொறி தெறிக்கும். வேலை தொடங்க முன் அப்பா ஒவ்வொரு தகட்டையும் துணியால் துடைத்தது அதற்காகத்தான். எந்தப் படிவத்திலும் அவர் அதை எழுதியதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை. எங்கள் அடுத்த சோதனையில் எண்ணெய் தடவிய பத்துத் துண்டுகளைச் சேர்த்தோம். ஆவியைக் காட்டும் கோடு அவற்றில் தாறுமாறாகத் துள்ளியது.

சிக்னலை அலசிப் பார்க்க எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித்தந்தது. எங்கே பழுது வரும் என்று தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே, பென்சன் எடுத்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ தொழிற்சாலையிலோ, சமையல்கூடத்திலோ, தையல் மெசினிலோ வேலை செய்தவர் என்றால் ஒருநாள் கேளுங்கள்: "பிழைக்கப் போகுதெண்டு உங்களுக்கு முதல்ல எதில தெரியும்?" பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள். பதில் தமிழில் வரும், நீளமாகவும் வரும்.