சுவோனில் ஒரு பிடிச் சோறு

காலை நடையின்போது சிவகங்கைப் பூங்கா வாசலில் சந்திக்கும் நண்பர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "கொரியாவில் மூணு மாசம் அப்படி என்னதான் சார் பார்த்தீங்க?" கோட்டை என்பேன், ஏரி என்பேன், குளிர் என்பேன். எதைச் சொன்னாலும் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கிறது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அரசலாறு ஓடும். நாங்கள் வகுப்பில் லுவார் நதியின் துணையாறுகளை ஒப்பித்துக்கொண்டிருப்போம். பிறகு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை, பேரேடும் கோப்புமாக ஒரு வாழ்க்கை. ஓய்வுக்குப் பிறகு தஞ்சாவூரில் குடியேறினோம். ஒரே மகன் கொரியாவில், சுவோன் நகரத்தில் பொறியாளன்.

2022 நவம்பரில் என் மனைவி காலமானாள். முதல் வருஷ திதியைத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் செய்யவேண்டும் என்று நினைத்திருந்தேன். மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. "நீங்க இங்க வாங்கப்பா, இங்கேயே செய்துடலாம்" என்றான். செய்யவேண்டியவன் அவன். அதனால் 2023 செப்டம்பரில் நான் கிளம்பினேன், அரைமனதோடுதான். காவிரி இல்லாத ஊரில், காக்கைகூட இருக்குமோ இருக்காதோ, அங்கே போய் என்ன திதி?

முதல் வாரமே வழி தவறினேன். மகன் குடியிருக்கும் வளாகத்தில் எல்லா அடுக்குமாடியும் ஒரே அச்சில் வார்த்தவை. பக்கச் சுவரில் பெரிதாக எழுதிய எண் ஒன்றுதான் அடையாளம். அந்த எண்ணை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் சுற்றினேன். கடைசியில் மரத்தடி மண்டபம் ஒன்றில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டார். கைப்பேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் வயது என்ன?" நம்மூர் திண்ணையில் கேட்பது மாதிரியே. எனக்கு 74, அவருக்கு 81. அந்த ஊரில் வயது தெரிந்தால்தான் எப்படிக் கூப்பிடுவது என்பது முடிவாகுமாம். அன்று முதல் அவர் எனக்கு 'ஹ்யோங்நிம்', அதாவது அண்ணன். அவர்தான் என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அந்த அண்ணன்தான் எனக்கு ஊரைக் காட்டினார். அடுக்குமாடி நிற்கும் இடமெல்லாம் தான் சிறுவனாக இருந்தபோது நெல்வயல் என்றார். வயலில் நிற்பது 'பியோ', குத்தி எடுத்தால் 'சால்', வெந்தால் 'பாப்' என்று விரல் விட்டுச் சொன்னார். நான் நெல், அரிசி, சோறு என்றேன். இருவரும் சிரித்தோம். பள்ளியில் நான் அறுவடை பற்றிப் பிரெஞ்சில் கட்டுரை எழுதும்போதெல்லாம் திண்டாடுவேன். அறுத்ததும் 'ரீ', மூட்டையில் இருப்பதும் 'ரீ', தட்டில் இருப்பதும் 'ரீ'. வருஷக்கணக்கில் படித்த மொழியில் கிடைக்காத மூன்று சொல் இந்த ஊரில் ஒரு மரத்தடியில் கிடைத்துவிட்டது. கொஞ்சம் ஒட்டுதல் வந்தது அன்றைக்குத்தான்.

சுவோனில் எல்லோரும் பார்ப்பது ஹ்வாசோங் கோட்டை. ஊரை வளைத்து சுமார் 5.7 கிலோமீட்டர் மதில். நான்கு நாள் தவணை போட்டு நடந்து முடித்தேன். கோட்டையைவிட அதன் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1762-இல் யோங்ஜோ என்ற அரசர் தம் சொந்த மகனை, பட்டத்து இளவரசன் சாதோவை, அரிசி கொட்டிவைக்கும் மரப்பெட்டியில் அடைக்கச் சொன்னார். நம் வீட்டுப் பத்தாயம் மாதிரியான பெட்டி. எட்டாம் நாள் உள்ளேயே இளவரசன் இறந்துபோனான். அப்போது அவனுடைய பிள்ளைக்குப் பத்து வயது. அந்தப் பிள்ளைதான் பின்னால் ஜோங்ஜோ என்ற பெயரில் அரியணை ஏறினார். 1789-இல் தகப்பனாரின் சமாதியை நல்ல இடம் பார்த்து சுவோன் பக்கம் மாற்றினார். அந்த இடத்தில் இருந்த பழைய ஊரை அப்படியே பெயர்த்து இப்போதைய இடத்தில் குடியமர்த்தினார். 1794 முதல் 1796 வரை கோட்டை கட்டினார். பாசனத்துக்கு ஏரிகளும் வெட்டினார். 1799-இல் வெட்டிய சோஹோ ஏரி இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் வேளாண் அருங்காட்சியகம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள்.

ஆக, சுவோனே ஒரு குடிபெயர்ந்த ஊர். செத்துப்போன தகப்பனுக்குப் பிள்ளை செய்த கடனில் உண்டான ஊர்.

எழுத்தனாக எனக்குச் சந்தோஷம் தந்தது இன்னொன்று. கோட்டை கட்டிய கணக்கை ஒரு புத்தகமாகவே 1801-இல் அச்சிட்டிருக்கிறார்கள். கல் எவ்வளவு, செங்கல் எவ்வளவு என்பதோடு, வேலை செய்த கொத்தன், தச்சன் பெயர், எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்பதுவரை. கொரியப் போரில் இடிந்த பகுதிகளை 1970-களில் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் திரும்பக் கட்டினார்களாம். படித்ததும் நம் பெரிய கோயில் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல் என்று ராஜராஜன் வெட்டி வைத்தானே, அது. இரண்டு ஊரிலும் எவனோ ஒரு எழுத்தன் உட்கார்ந்து ஒரு பெயரும் விடாமல் எழுதியிருக்கிறான். இதே வகையான கொரிய அரசவை ஏடுகளை 1866-இல் பிரெஞ்சுக் கடற்படை அள்ளிக்கொண்டு போயிற்று. 297 ஏடுகள் 2011-இல்தான் கொரியாவுக்குத் திரும்பின. எங்கள் சரித்திரப் பாடத்தில் இது கிடையாது. அண்ணனிடம் நான் படித்தது பிரெஞ்சு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் சூசோக் பண்டிகை வந்தது. அவர்களுக்கு அது அறுவடைப் பண்டிகையும் முன்னோர் வழிபாடும். அண்ணன் தம் வீட்டுப் படையலைக் கைப்பேசியில் காட்டினார். புது அரிசிச் சோறு, பழம், மீன், பலகாரம், சோற்றுக் கிண்ணத்தில் நட்டுவைத்த கரண்டி. சில படையல்களில் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே காத்திருப்பார்களாம், பெரியவர்கள் சாப்பிடட்டும் என்று. "எங்க வீட்டிலும் அப்படித்தான்" என்றேன். அதற்குமேல் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் நடுவில் திதி வந்தது. மகன் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தான். எள்ளும் தண்ணீரும் விட்டான், படம் வைத்து விளக்கேற்றிப் படைத்தோம். எல்லாம் சரியாக நடந்தது. காக்கைக்குச் சோறு வைக்கவேண்டும் என்று கிளம்பினேன். பதினாலாவது மாடி, ஜன்னல் விளிம்பில் இடமில்லை. "கீழே போய் வைக்கிறேன்" என்றேன்.

"வேண்டாம்ப்பா. கீழே சோறு போட்டா காவலாளி கேட்பார். இங்கே அதெல்லாம் பழக்கமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப உங்க அம்மா பட்டினியாடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பேசவில்லை. முகம் சிவந்து போயிற்று. கேட்டிருக்கக் கூடாது. அம்மாவின் கடைசி நாளில் விமானத்தில் இருந்தவன் அவன்.

நான் தட்டோடு இறங்கினேன். அவனும் பின்னாலேயே வந்தான். மரத்தடியில் வைத்த உடனே, அவன் சொன்ன மாதிரியே, காவலாளி வந்து கையை ஆட்டினார். மகன் குனிந்து குனிந்து ஏதோ சொன்னான். மண்டபத்திலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். மகன் அவருக்கு விஷயத்தைச் சொன்னான். அவர் தலைக்குமேல் கையைக் காட்டினார். இலையெல்லாம் உதிர்ந்த மரம். தக்காளி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து பழம் மட்டும் உச்சியில். 'காம்' என்கிறார்கள் அந்தப் பழத்தை. பறிக்கும்போது எல்லாவற்றையும் பறிக்க மாட்டார்களாம். பறவைக்கென்று சிலவற்றை விட்டுவைப்பது வழக்கம். அதற்குப் பெயர் 'காச்சிபாப்'. 'காச்சி' என்றால் காக்கை இனத்துப் பறவை, கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட வாலோடு இருக்கும். 'பாப்' என்றால் எனக்கே தெரியுமே, சோறு.

அண்ணன் காவலாளியிடம் என்ன சொன்னாரோ, அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு பேராக இருந்தவர்கள் மூவரானோம். தள்ளி நின்று காத்திருந்தோம். ஐந்து நிமிஷத்தில் ஒரு காச்சி இறங்கியது, இரண்டு தத்து தத்தியது, ஒரு பருக்கையை எடுத்தது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சிறு பிள்ளையில் பிடித்தது. தட்டை அவனே கழுவிவைத்தான்.

டிசம்பர் முதல் வாரம் நான் ஊர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், வானமே கறுத்தது. மின்கம்பியெல்லாம் காக்கை. ஆயிரக்கணக்கில். வடக்கே குளிர் தாங்காமல் வருஷா வருஷம் வருகின்றனவாம். பகலில் சுற்று வட்டார வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பொறுக்கிவிட்டு, இரவு தங்க நகரத்துக்கு வந்துவிடும். எச்சம் தாங்கவில்லை என்று ஊர்க்காரர்களுக்குப் புகார்.

என் மனைவி எந்தக் கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேருவாள். மகனிடம் சொன்னேன்: "பாருடா, அம்மா இப்பத்தான் வந்திருக்கா."

அந்த ஒரு வருஷத்தில் அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வருஷ திதிக்கும் சுவோனுக்கே போனேன். அண்ணன் மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கட்டட எண் மறக்கவில்லை.