முதலில் தண்ணீரைப் பார்

நீங்கள் எப்போதாவது வள்ளத்தில் ஏறியிருக்கிறீர்களா? நான் முதன்முதலாக ஏறிய அன்றே தண்ணீருக்குள் விழுந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நாங்கள் கனடாவில், கல்கரி நகரத்தில் இருந்தோம். என் அப்பப்பா பருத்தித்துறையில் பிறந்தவர். நாற்பது வருடங்கள் கடலில் மீன் பிடித்தவர். கல்கரிக்கு வந்தபிறகு அவர் யன்னலோரக் கதிரையில் அமர்ந்து பனியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "இஞ்ச எனக்கு என்ன வேலை பிள்ளை? கடலும் இல்லை, வள்ளமும் இல்லை" என்பார்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஃபிளை ஃபிஷிங்கில் ஆசை வந்தது. அது என்ன தெரியுமா? அதில் தூண்டிலில் புழு குத்துவதில்லை. சின்ன முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலச் செய்வார்கள். அந்தப் பூச்சிக்குப் பாரமே இல்லை. அதைத் தனியாக எறிந்தால் தூரம் போகாது. அதனால் தடித்த, பாரமான தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுவார்கள். கயிறு பறக்கும், அதோடு பூச்சியும் பறக்கும். டிரவுட் மீன் அதை உண்மையான பூச்சி என்று நினைத்துக் கவ்வும்.

அப்பா மலிவாக ஒரு பழைய கனூ வாங்கினார். ஒடுக்கமான, நீளமான வள்ளம் அது. அப்பப்பா அதைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது நிண்டு எறியிற வள்ளம் இல்லையடா."

"இது கடல் இல்லை அப்பா. இது வேற" என்று அப்பா சிரித்தார். அப்பப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஜூன் மாதம், மலைகளுக்கு நடுவே உள்ள கனனாஸ்கிஸ் ஏரிக்குப் போனோம். காலையில் காற்றே இல்லை. மத்தியானம் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு மீன் துள்ளியது. அப்பா ஆசையில் எழுந்து நின்று கயிற்றை வீசினார். அவ்வளவுதான்! கனூ சரிந்தது. இரண்டு பேரும் தண்ணீருக்குள்!

அது பனி உருகி வந்த தண்ணீர். என்னால் மூச்சே எடுக்க முடியவில்லை. நல்லவேளை, இருவரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தோம். கரையும் கிட்டத்தான் இருந்தது. அப்பப்பா சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்தார்.

அவர் அப்பாவை ஏசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அப்பாதான் மெதுவாகக் கேட்டார்: "அப்பா, எந்த வள்ளம் எடுப்பம்?"

"வள்ளத்தைப் பிறகு பாப்பம். முதல்ல தண்ணியைப் பார். ஓடுற தண்ணியோ, நிக்கிற தண்ணியோ? காத்து எப்பிடி? நீ இருந்து எறியப்போறியோ, நிண்டு எறியப்போறியோ?"

அடுத்த சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். ஒவ்வொரு வள்ளத்துக்கும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தோம்.

முதலில் ஃபுளோட் டியூப். அது மிதக்கும் ஆசனம். காலில் தவளைக் கால் போன்ற செருப்புப் போட்டு, அமர்ந்தபடியே உதைத்து நகரலாம். சின்ன ஏரிக்கு நல்லது. ஓடும் ஆற்றுக்கு ஆகாது. தொங்கும் கால் கல்லில் மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது பொன்டூன். இரண்டு காற்றுக் குழாய்கள், நடுவே ஒரு கதிரை, இரண்டு துடுப்புகள். ஏரிக்கும் அமைதியான ஆற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஒருவர்தான் போகலாம். "எங்கட கட்டுமரத்துக்குச் சொந்தக்காரன் போல கிடக்கு" என்றார் அப்பப்பா. அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. இரட்டை வள்ளத்தை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்பார்கள். அந்தச் சொல் 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது!

பிறகு அகலமான, அடி தட்டையான அலுமினிய வள்ளம். அப்பப்பா அதில் ஏறி நின்றார். உள்பக்கம் முழுவதும் கையால் தடவிப் பார்த்தார். "கயிறு கொழுவுற இடம் ஒண்டும் இல்லை. நிண்டாலும் லேசில சரியாது. இது ஏரிக்குச் சரி" என்றார். கனூவை விற்றுவிட்டு அதை வாங்கினோம்.

ஆற்றுக்கு? கல்கரிக்குள் ஓடும் ஆற்றின் பெயர் 'போ'. "போ எண்டு பேர் வைச்சால் ஆறு நிக்குமே?" என்று அப்பப்பா சிரித்தார். அந்த ஆற்றுக்கு ஏற்றது ட்ரிஃப்ட் போட். அதன் அடி தட்டை. முன்னும் பின்னும் வாழைப்பழம் போல மேலே வளைந்திருக்கும். அதனால் ஓடும் தண்ணீரில் சட்டென்று திரும்பும். முன்னால் நிற்பவர் தொடையை முட்டுக்கொடுக்கவும் ஓர் இடம் உண்டு. ஆனால் ஏரியில் காற்றடித்தால், அதன் உயரமான பக்கங்களைக் காற்றுத் தள்ளிக்கொண்டு போய்விடும். விலையும் அதிகம். அதனால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம்.

துடுப்புப் பிடித்தவர் யார்? அப்பப்பாதான்! வாடகைக்குக் கொடுத்தவர், முதலில் அவரைக் கரையோரம் பழக்கினார். ட்ரிஃப்ட் போட்டில், வள்ளம் போகும் திசையைப் பார்த்து அமர்ந்து, தண்ணீரின் ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலிக்க வேண்டும். அப்போது வள்ளம் மெதுவாகும். எறிபவருக்கு நேரம் கிடைக்கும்.

"கடலில முன்னுக்குப் போக வலிச்சன். இஞ்ச மெதுவாப் போக வலிக்கிறன்! எனக்கும் புதுப் பாடம்" என்றார் அப்பப்பா.

அப்பா நிமிர்ந்து நின்று வீசினார். வள்ளம் அசையவில்லை. அன்று ஒரு டிரவுட் பிடித்து, மீண்டும் ஆற்றில் விட்டோம்.

அந்தக் குளிர்காலம் யன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. அப்பப்பா மேசையில் இறகும் நூலும் பரப்பி, பூச்சி கட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா, ஏரி இருக்கிறதா? ஒருநாள் வீட்டுப் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். அந்தத் தண்ணீருக்கு எந்த வள்ளம் சரி என்று அவர்களிடம் கேளுங்கள். எந்த வள்ளத்தில் ஏறினாலும், உயிர்காப்பு அங்கியை மறக்காதீர்கள்!