பூட்டுக்குக் காசு சேர்க்க முதல்

எங்கள் பாடசாலை இணையத்தளத்துக்கு எஸ்.எஸ்.எல். சான்றிதழ் வாங்கப் பெற்றாரிடம் காசு சேர்க்கலாமா என்று வட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. தனித்தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

கொட்டேஷன் தந்தவர் வருடத்துக்கு 45,000 ரூபா போட்டிருக்கிறார். வைல்ட்கார்ட் சான்றிதழ், அதிலும் டொட் எல்.கே. முகவரி, அதனால்தான் இந்த விலையாம். வைல்ட்கார்ட் என்றால் எங்கள் முகவரிக்கு முன்னால் பெறுபேறு, நூலகம், அனுமதி என்று எந்தப் பெயர் வந்தாலும் ஒரே சான்றிதழ் போதும். கடையில் அதற்கு விலை கூடத்தான். ஆனால் டொட் எல்.கே. என்பதற்காகக் கூட வேண்டியதில்லை. சான்றிதழ் தருபவர்கள் பார்ப்பது டொமைன் எங்கள் கையில் இருக்கிறதா என்பதைத்தான். டொட் கொம்முக்கும் அதே சோதனைதான்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2018 மார்ச் முதல் வைல்ட்கார்டையும் இலவசமாகத் தருகிறது. இலவசம் என்பதால் பூட்டு பலவீனம் என்று நினைக்க வேண்டாம், தகவலை மறைக்கும் முறை ஒன்றுதான். 90 நாளில் முடியும், சேர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். "இரண்டு வருடத்துக்கு ஒரேயடியாக" என்று விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 2026 மார்ச் 15 முதல் வழங்கும் எந்தச் சான்றிதழும் 200 நாளுக்கு மேல் செல்லாதே? 2029இல் அது 47 நாளாகக் குறையப் போகிறது. காசு கொடுத்தாலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனக்குக் கவலை வேறு. லெட்ஸ் என்கிரிப்டில் வைல்ட்கார்ட் எடுக்க டீ.என்.எஸ். பதிவில் ஒரு வரி சேர்த்துக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு தளத்தைச் செய்து தந்த பழைய மாணவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அவர் இப்போது கட்டாரில். நல்ல பிள்ளை, கேட்டால் தருவார். ஆனால் அவருடைய மின்னஞ்சல் ஒரு நாள் போய்விட்டால் பாடசாலையின் பெயரே எங்கள் கையில் இல்லை. 45,000 கொடுத்தாலும் அது தீராது.

இன்னொன்று, எங்களிடம் இருப்பது நான்கே முகவரிகள். நான்கையும் ஒரு சாதாரண இலவசச் சான்றிதழில் எழுதிவிடலாம், வைல்ட்கார்டே தேவையில்லை. ஒரே திறப்பு எல்லாக் கதவுக்கும் என்றால் அது களவு போனாலும் எல்லாக் கதவுக்கும்தானே.

அதற்காக ஒன்றுமில்லாமல் விடவும் முடியாது. முதலாம் தர அனுமதிப் படிவத்தில் பெற்றார் அடையாள அட்டை இலக்கம் அடிக்கிறார்கள். இப்போது அது திறந்த தபாலட்டை மாதிரிப் போகிறது, பிரவுசரும் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது.

டொமைன் கணக்கை முதலில் பாடசாலையின் மின்னஞ்சலுக்கு மாற்றுவோம் என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். சேர்வர் வேலை தெரிந்த பழைய மாணவர் யாராவது ஒரு சனிக்கிழமை காலை வரமுடியுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பிளேன்டீயும் வடையும் என் பொறுப்பு.