ஏடும் கணினியும்

ஒரு பொருளை வாங்குவதில் நாம் காட்டும் ஆர்வத்தை அதனைப் பேணுவதிற் காட்டுவதில்லை. இவ்வுண்மையை நான் நூல்களிற் கற்கவில்லை. கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்த ஒரு கணினி எனக்குக் கற்பித்தது.

என் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். துலா, பட்டை, வாய்க்கால், புகையிலைப் பாடம் என எங்கள் ஊர்த் தோட்டக்காரர் வழங்கும் சொற்களைப் பல்லாண்டுகள் கேட்டு அப்பியாசக் கொப்பிகளில் எழுதிவைத்திருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அக்கொப்பிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. மறு ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது கறையான் அவற்றைப் படித்து முடித்திருந்தது. ஐயா மனந்தளரவில்லை. நினைவிலிருந்தும் முதியோரிடம் மீண்டும் கேட்டும் அவர் சொல்லச் சொல்ல, பின்னாளில் நான் கணினியிற் பதித்தேன். இனிக் கறையானுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று அவரிடம் பெருமையோடு கூறினேன்.

கணினிக்கும் கறையான் உண்டென்பதை அன்று நான் அறிந்திலேன். கோப்பாயின் செம்மண் தோட்டத்துக்கு வரம்; கணினிக்கோ சாபம். கோடைக்காற்றில் எழும் செம்புழுதி விசிறி வழியே உட்புகுந்து, செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றிற் கலக்கும் உலோகத் தகடுகளின் இடைவெளிகளை அடைத்துவிடுகின்றது. வெப்பம் வெளியேற வழியின்றேல் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அளவு மீறின் நின்றுவிடும். எங்கள் கணினி இரைந்தது, மந்தமாயிற்று, இடையிடையே தானாக நின்றது. பழையதாகிவிட்டது என்று பழியை அதன்மீது சுமத்தி நான் அமைதியடைந்தேன்.

2022 மார்ச்சில் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு. அம்மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீடித்தது. வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அறுந்தால் கோப்புகளின் ஒழுங்கு குலையலாம். மீளும்போது மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் உறுப்புகளே பழுதாகலாம். ஒருநாள் மின்சாரம் வந்தது, கணினி வரவில்லை. ஐயா காலமாகி அப்போது ஓராண்டாகியிருந்தது.

யாழ்ப்பாண நகரில் கணினி திருத்துபவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். மூடியைத் திறந்தவர் உள்ளே படிந்திருந்த புழுதியைக் கண்டு, "தம்பி, இதைக் கடைசியா எப்ப துடைச்சனீர்?" என்றார். வன்தட்டை நெடுநேரம் சோதித்தபின், "வேற பிரதி இருக்கோ?" என்றார். இரண்டாவது வினாவே என்னைச் சுட்டது. அவ்வன்தட்டிலிருந்து எதையும் மீட்க இயலவில்லை.

எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கைபட நொறுங்கும் ஏடுகளின் நிலையை அவர் தமது கலித்தொகைப் பதிப்புரையில் (1887) கவன்றெழுதியமை தமிழ் மாணவர் அறிந்ததே. ஏடு பேணிய நம் முன்னோர் இரு பணிகள் செய்தனர்: தூசு தட்டி எண்ணெய் பூசினர், சிதையுமுன் புதிய ஓலையிற் படியெடுத்தனர். முன்னது ஓலையைக் காத்தது. பின்னது எழுத்தைக் காத்தது. கணினிப் பராமரிப்பும் இவ்விரண்டே.

இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னிணைப்பைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு என் உடலின் நிலைமின்னை நீக்கி, விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையாற் புழுதி அகற்றுகிறேன். மின்வெட்டின்போது கணினியை முறையாக நிறுத்த அவகாசம் தரும் யூ.பி.எஸ். ஒன்றும் வைத்துள்ளேன். படிகள் மூன்று: ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், மற்றொன்று கொழும்பில் அக்கா வீட்டில். ஒரே கூரையின்கீழ் உள்ள படிகள் ஒரே தீயில் அழியும் என்பதை, 1981இல் நூலகம் எரிந்த மண்ணில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

ஐயாவின் சொற்களில் எஞ்சியவை, என்றோ அச்சிட்டு அவர் சிவப்பு மையாற் திருத்திய நாற்பது தாள்கள் மட்டுமே. அவற்றை மீண்டும் பதித்துவிட்டேன். துலாவின் உறுப்புகளோடு கடைசித் தாள் முடிகிறது. புகையிலைச் சொற்கள் அதில் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் ஊரில் இன்னும் உளர். கொப்பியும் பேனாவுமாக அவர்களின் படலைகளைத் தட்டத் தொடங்கியிருக்கிறேன்.